மலைக்கு என்ன போட்டுக்கொண்டு போவது?

டிசம்பர் நெருங்கினால் எனக்கு வாட்ஸப்பில் வருகிற செய்திகளில் பாதி ஒரே கேள்விதான். "அண்ணா, மீசைப்புலிமலை போறோம். என்னென்ன வாங்கணும்?" இந்தத் தடவை கேட்டவன் அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்த ஒரு தம்பி. கேள்வியோடு பட்டியலையும் சேர்த்தே அனுப்பியிருந்தான். கணுக்காலுக்கு மேல் ஏறும் தோல் பூட்ஸ், மூன்றடுக்கு மழைக்கோட்டு, வாத்து இறகு அடைத்த ஜாக்கெட், 60 லிட்டர் பை. யூடியூபில் யாரோ ஒரு வெள்ளைக்காரர் ஸ்காட்லாந்து மலையுச்சியில் நின்றுகொண்டு சொன்னதாம். கூட்டிப் பார்த்தேன். பையனின் மாதச் சம்பளத்தில் பெரும்பகுதி காலி.

அந்தப் பொருட்களில் ஒரு குறையும் இல்லை. அந்த ஊர் மலைக்கு அவை சரி. அங்கே வண்டியை விட்டு இறங்கும்போதே குளிரும், உச்சியிலும் குளிரும். நமக்கோ போடி பக்கம் அடிவாரத்தில் காலை ஒன்பது மணிக்கே கழுத்தில் வியர்வை வழிகிறது. ஆயிரம் மீட்டர் ஏறினால் சராசரியாக ஆறரை டிகிரி குறையும் என்பது பொதுக்கணக்கு. போடி ஏறக்குறைய 350 மீட்டர், மீசைப்புலிமலை 2640. கீழே 28 டிகிரி என்றால் அதே நேரத்தில் மேலே 13. காற்று அடித்தால் உடம்புக்கு அதுவும் இல்லை.

ஏறும்போது நனைவது மழையில்கூட இல்லை, நம் வியர்வையில்தான். உச்சிக்கு வந்து பத்து நிமிடம் நின்று போட்டோ எடுப்பதற்குள் அந்த ஈரம் தன் வேலையைக் காட்டும். தண்ணீர் காற்றைவிட ஏறத்தாழ 25 மடங்கு நன்றாக வெப்பத்தைக் கடத்தும். அது போதாதென்று, ஒரு லிட்டர் வியர்வை ஆவியாகும்போது கிட்டத்தட்ட 580 கிலோகலோரி வெப்பத்தை உடம்பிலிருந்து பிடுங்கிக்கொண்டு போகும். ஏறுகிற வரை அது நல்லது. நின்ற பிறகும் அது நிற்பதில்லை. குளிரில் உடம்பு சூடு இறங்கி ஆள் சரிந்து விழுவதற்குப் பனி பெய்ய வேண்டியதில்லை. பத்து டிகிரியும் ஈரச் சட்டையும் காற்றும் சேர்ந்தால் போதும்.

அதனால் என் கட்சி இதுதான். நம் மலைகளில் நனையாமல் இருக்க முடியாது. வியர்வையோ, மழையோ, மூடுபனியோ, ஓடையோ, ஏதோ ஒன்று நனைத்துவிடும். வாங்குகிற ஒவ்வொன்றிலும் கேட்க வேண்டியது "இது நனையுமா" என்றல்ல, "நனைந்தால் எவ்வளவு நேரத்தில் காயும்" என்று. தம்பியின் பட்டியலை அந்தக் கேள்வியோடு படித்தால் பாதி அடிபட்டுப்போகும்.

சட்டையிலிருந்து தொடங்குவோம். பருத்தியைக் குறை சொன்னால் நம் ஊரில் கோபம் வரும், எனக்கும் வரும். சித்திரை வெயிலில் பருத்திக்கு ஈடு கிடையாது. அதற்குக் காரணமே அது தண்ணீரைக் குடித்து, மெதுவாக விட்டு, நம்மைக் குளிர வைப்பதுதான். மலையுச்சியில் அதே குணம்தான் எதிரி. சாதாரணக் காற்றில் வைத்தாலே பருத்தி தன் எடையில் எட்டரை சதவீதம் ஈரத்தை இழைக்குள் வைத்திருக்கும். பாலியெஸ்டர் அரை சதவீதத்தைக்கூடத் தொடாது. அதனால் பாலியெஸ்டரில் தண்ணீர் இழைகளுக்கு நடுவே மட்டும்தான் நிற்கும். உதறினால் பாதி போகும், நடந்தால் மீதி போகும். சந்தேகம் இருந்தால் ஒரு பருத்தி டி-ஷர்ட்டையும் விளையாட்டு டி-ஷர்ட்டையும் நனைத்துப் பிழிந்து, ஃபேனுக்குக் கீழே பக்கத்துப் பக்கத்தில் போட்டுப் பாருங்கள். விளையாட்டு டி-ஷர்ட் போட்டுக்கொள்ளும் பதத்துக்கு வந்த பிறகும், பருத்தியின் அக்குள் தையலும் கீழ்மடிப்பும் சில்லென்றே இருக்கும். மலையில் அந்தச் சில்லிப்பு முதுகோடு ஒட்டிக்கொண்டு வரும், மேலே பை வேறு அழுத்தும்.

இதற்குப் பெரிய கடைக்குப் போக வேண்டியதில்லை. திருப்பூரில் தைத்து வரும் விளையாட்டு டி-ஷர்ட்டுகள் சாலையோரக் கடையிலேயே இருநூறு, முந்நூறு ரூபாய்க்குக் கிடைக்கின்றன. முழுக்கை வாங்குங்கள். வெயிலுக்கும் முள்ளுக்கும் பூச்சிக்கும் ஒரே மருந்து. பாலியெஸ்டரின் ஒரே பாவம் நாற்றம். இரண்டாம் நாள் நண்பர்கள் தள்ளி உட்காருவார்கள். மெரினோ கம்பளியில் அந்தத் தொல்லை இல்லை. கம்பளி ஈரத்தை இழைக்குள்ளேயே உறிஞ்சிக்கொள்ளும், உறிஞ்சும்போது கொஞ்சம் வெப்பத்தையும் வெளியே விடும், நனைந்தாலும் கதகதப்பு முழுசாகப் போகாது. 1924-ல் எவரெஸ்டில் காணாமல் போன ஜார்ஜ் மல்லோரியின் உடலை 1999-ல் கண்டெடுத்தபோது அதில் இருந்தவை பட்டு, பருத்தி, கம்பளி, மேலே காபர்டின் துணி. பல மெல்லிய அடுக்குகள். அதே மாதிரி தைத்து 2006-ல் எவரெஸ்ட் சரிவிலேயே போட்டுப் பார்த்தார்கள். நன்றாகவே இருந்ததாம். அடுக்கு அடுக்காக உடுத்துவது கடைக்காரர்கள் கண்டுபிடித்த விஷயம் இல்லை என்பதற்காகச் சொன்னேன். மெரினோ விலை என்னவோ கண்ணைக் கட்டும். ஒரு ஜோடி சாக்ஸோடு நிறுத்திக்கொள்ளலாம்.

பேன்ட் விஷயத்தில் ஒரே ஒரு விதி. ஜீன்ஸ் கூடாது. நனைந்த ஜீன்ஸின் கனத்தையும், அது முழங்காலை மடக்க விடாமல் இழுப்பதையும் ஒரு தடவை அனுபவித்தவருக்கு விளக்கம் தேவையில்லை. மெல்லிய நைலான் பேன்ட், தொளதொளவென்று, கணுக்கால் வரை. அரைக்கால் சட்டை வேண்டாம். உண்ணிச்செடிப் புதரும் இடுப்பளவு புல்லும் கெண்டைக்காலைக் கோடு கோடாகக் கிழித்துவிடும். லெக்கிங்ஸ் நடக்கச் சுகம்தான், ஆனால் மெல்லியதாக இருந்தால் அட்டை அதன் வழியாகவே கடித்துவிடும்.

அட்டை என்றதும் நினைவு வருகிறது. மழைக்காலத்தில் சோலைக்காட்டுக்குள் போவதானால் அட்டை சாக்ஸ் கட்டாயம். முழங்கால் வரை வரும் துணி உறை, மேலே நாடா. சாதாரண சாக்ஸுக்கு மேல் மாட்டிக்கொண்டு, அதற்கு மேல் ஷூ போட வேண்டும். கடையில் வாங்கலாம், ஆனால் தேவையே இல்லை. நெருக்கமாக நெய்த காடா துணியை வாங்கி உங்கள் தெரு டெய்லரிடம் கொடுத்தால் அரைமணி வேலை. பருத்தியைத் திட்டிவிட்டு காடாவைச் சொல்கிறானே என்று பார்க்காதீர்கள். இங்கே நமக்கு வேண்டியது அட்டை நுழையாத நெசவு, அவ்வளவுதான். வெளுத்த நிறத்தில் தையுங்கள், ஏறுகிற அட்டை கண்ணில் படும். மேலே கொஞ்சம் புகையிலைத் தண்ணீரோ ஈரச் சோப்போ தேய்த்துக்கொள்வது எஸ்டேட்காரர்கள் வழக்கம்.

உள்ளாடையைப் பற்றி யாரும் பேசுவதில்லை, நான் ஒரு வரி சொல்லிவிடுகிறேன். அதுவும் பருத்தி கூடாது. தொடை இடுக்கில் தேங்காய் எண்ணெயோ வாசலினோ தடவிக்கொள்ளுங்கள். இறங்கும்போது என்னை வாழ்த்துவீர்கள்.

குளிருக்கு. டிசம்பர், ஜனவரியில் நீலகிரியில் உறைபனி கொட்டும், புல்வெளியெல்லாம் விடியலில் வெள்ளையாகிவிடும். ஆனால் அந்தக் குளிர் நமக்கு நடக்கும்போது இல்லை, நின்ற பிறகும் இரவிலும்தான். நடக்கும்போது போட்டுக்கொண்டு வியர்க்கிற ஸ்வெட்டர், ராத்திரிக்கு உதவாது. கிளம்பும்போது லேசாகக் குளிர வேண்டும். "சில்லுனு இருக்கே" என்று தோன்றினால் சரியாக உடுத்தியிருக்கிறீர்கள் என்று அர்த்தம். ஃப்ளீஸ் ஒன்றைப் பைக்குள் வைத்துக்கொண்டு, உச்சியில் நின்ற உடனே, குளிர் தெரிவதற்கு முன்பே, எடுத்துப் போடுங்கள். வாத்து இறகு ஜாக்கெட் எடைக்கு எடை அதிக வெப்பம் தரும், உண்மை. ஆனால் இறகு ஈரத்தில் படுத்துவிட்டால் அதற்குள் காற்று நிற்காது, காற்று நிற்காவிட்டால் வெப்பமும் இல்லை. நம் மூடுபனியில் அதை உலர்த்துவதற்கு இடமும் கிடையாது. ஊட்டித் தாவரவியல் பூங்கா பக்கம் திபெத்தியர் கடைகளில் பேரம் பேசி வாங்கும் ஸ்வெட்டர் அதைவிடத் தேவலை. அப்புறம் மங்கி குல்லா. சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும். காது, கழுத்து, தாடை மூன்றையும் ஒரே பொருள் மூடுகிறது, சட்டைப் பையில் அடங்குகிறது, நூறு ரூபாய். இவ்வளவு செய்யும் இன்னொரு பொருளை எந்த மலையேற்றக் கடையிலும் நான் பார்க்கவில்லை.

இப்போது மழைக்கோட்டு. இதில்தான் பணம் அதிகமாகப் பாழாகிறது. 1969-ல் அமெரிக்காவில் பாப் கோர் என்பவர் டெஃப்ளான் வகைப் பொருளைச் சூடாக்கி வெடுக்கென்று இழுத்தபோது அது கிழியாமல், கண்ணுக்குத் தெரியாத துளைகள் நிறைந்த படலமாக நீண்டது. மழைத்துளி நுழைய முடியாத, நீராவி மட்டும் நுழையக்கூடிய துளைகள். கோர்-டெக்ஸ் அங்கிருந்து வந்தது. மழை உள்ளே வராது, வியர்வை வெளியே போகும் என்று எழுதியிருப்பார்கள். பொய் இல்லை. ஆனால் ஆவி வெளியே போக ஒரு காரணம் வேண்டும். உள்ளே ஆவியழுத்தம் அதிகமாகவும் வெளியே குறைவாகவும் இருந்தால்தான் அது நகரும். தோலோரத்தில் 35 டிகிரி, முழு ஈரம் என்று வைத்துக்கொள்ளுங்கள், அங்கே அழுத்தம் 5.6 கிலோபாஸ்கல். ஸ்காட்லாந்தில் எட்டு டிகிரி மழையில் வெளியே 1.1தான். வித்தியாசம் நாலரை. நம் ஊர் ஜூலை மழையில் 26 டிகிரி என்றால் வெளியே 3.4. வித்தியாசம் இரண்டு சொச்சம். தள்ளுகிற விசை பாதிக்கும் கீழே. நமக்கு வியர்ப்பதோ அவர்களைவிட அதிகம். பத்தாயிரம் ரூபாய்க் கோட்டுக்குள் மழை படாமல் வியர்வையிலேயே தொப்பலாக நனைந்து இறங்குகிறவர்களை நான் எத்தனையோ பார்த்திருக்கிறேன்.

மேற்குத் தொடர்ச்சி மலையின் மழையைச் சாதாரணமாகவும் எடைபோடக் கூடாது. நீலகிரியில் அவலாஞ்சியில் 2019 ஆகஸ்டில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. அப்படிப்பட்ட நாளில் எந்தக் கோட்டும் உதவாது, வீட்டில் இருப்பதுதான் உத்தமம்.

மற்ற நாட்களுக்கு என் தேர்வு குடை. ஆமாம், நம் வீட்டுக் கருப்புக் குடை. மரங்களுக்கு நடுவே அகலமான பாதையில் நடக்கும்போது தலை, தோள், பையின் மேல்பகுதி மூன்றும் காய்ந்திருக்கும், கீழே காற்றோட்டமும் தடைபடாது, வெயிலுக்கும் ஆகும். நெடுநடை உலகத்தில் எடையைக் குறைக்கச் சொல்லிப் பிரபலமான ரே ஜார்டின் 1990-களிலேயே குடையைச் சிபாரிசு செய்தார். எஸ்டேட் கங்காணிகளிடம் கேட்டிருந்தால் அதற்கும் முன்பே சொல்லியிருப்பார்கள். முகட்டில் காற்று அடிக்கும்போது குடையை மடக்கிவிட்டு போஞ்சோவுக்கு மாற வேண்டும். தலை வழியாக மாட்டிப் பையையும் சேர்த்து மூடுகிற விரிப்பு மாதிரியான மழைத்துணி. பக்கம் திறந்திருப்பதால் உள்ளே வேகாது. இவற்றோடு உள்ளங்கையில் அடங்கும் மெல்லிய விண்ட்சீட்டர் ஒன்று. உச்சிக் காற்றைத் தடுக்க அது போதும்.

மிச்சம் பிடித்த பணத்தை எல்லாம் காலுக்குக் கொடுங்கள்.

கால் விஷயத்தில் முதல் சிக்கல் அளவு. நாம் வாங்கும் ஷூக்கள் பெரும்பாலும் ஐரோப்பிய, அமெரிக்கக் கால்களின் வார்ப்பில் செய்யப்படுகின்றன. சென்னை அடையாறில் இருக்கும் மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் 2021 டிசம்பரிலிருந்து 2022 மார்ச் வரை நாடு முழுக்க ஒரு லட்சத்துக்கு மேற்பட்டவர்களின் கால்களை முப்பரிமாணக் கருவியில் அளந்தது. இந்தியர்களின் பாதம் அவர்களுடையதைவிட அகலம் என்று தெரிந்தது. அதிலிருந்துதான் 'பா' என்ற புதிய அளவுமுறையை முன்மொழிந்தார்கள். செருப்புப் போட்டே வளர்ந்த கால் நம்முடையது, விரல்கள் விரிந்து நிற்கும். அகலம் போதாமல் ஒரு சைஸ் பெரிதாக வாங்குகிறோம். பிறகு குதிகால் உள்ளே ஆடுகிறது, ஆடுகிற இடத்தில் கொப்புளம் வருகிறது. நீளத்தைக் கூட்டி அகலத்தைச் சரிக்கட்டாதீர்கள். முன்பாதம் அகலமான வார்ப்பு உள்ள மாடலைத் தேடுங்கள். கிடைக்கும் வரை கடை மாறுங்கள்.

வாங்கப் போவது மாலையில் இருக்கட்டும். நாள் முழுக்க நடந்து கால் கொஞ்சம் வீங்கியிருக்கும், மலையிலும் அப்படித்தான் வீங்கும். மலைக்குப் போடப்போகும் அதே சாக்ஸைக் கொண்டு போங்கள். ஷூவின் உள்தகட்டை வெளியே எடுத்துத் தரையில் வைத்து அதன்மேல் நில்லுங்கள். விரல்கள் எங்கே பிதுங்குகின்றன என்று பளிச்சென்று தெரியும். பெருவிரலுக்கு முன்னால் கட்டைவிரல் அகலத்துக்கு இடம் வேண்டும். கடையில் சாய்தளம் இருந்தால் இறங்கிப் பாருங்கள், இல்லாவிட்டால் மாடிப்படியில். ஒரு தடவையாவது விரல்நுனி முன்னால் இடித்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். கடைப் படியில் ஒரு தடவை இடிப்பது இறக்கத்தில் ஆயிரம் தடவை இடிக்கும். அடுத்த வாரம் நகம் கறுத்து, அடுத்த மாதம் கழன்று விழும்.

பூட்ஸா, ஷூவா? நம் மலைகளில் ஒன்றிரண்டு நாள் நடைக்குத் தாழ்ந்த ஷூவே போதும் என்பது என் அபிப்பிராயம். முதுகில் பதினைந்து கிலோ ஏறினால், அல்லது கால் வைத்த இடமெல்லாம் உருளும் கல்லாக இருந்தால் மட்டும் உயர்ந்த பூட்ஸை யோசிக்கலாம். காரணம் எடை. அமெரிக்க ராணுவ ஆய்வாளர்கள் 1960-களிலேயே அளந்து பார்த்தது: காலில் கட்டிய ஒரு கிலோ, உடம்போடு சுமக்கும் ஒரு கிலோவைவிட நான்கிலிருந்து ஆறு மடங்கு வரை சக்தியைத் தின்கிறது. ஒவ்வொரு அடிக்கும் அதைத் தூக்கி, வீசி, நிறுத்த வேண்டுமே. எம்மா கேட்வுட் என்ற பாட்டி 1955-ல் தன் 67-வது வயதில் அமெரிக்காவின் அப்பலாச்சியன் பாதையை, ஏறக்குறைய 3300 கிலோமீட்டரை, தனியாக முழுக்க நடந்து முடித்தார். காலில் சாதாரண கான்வாஸ் ஷூ, தோளில் வீட்டிலேயே தைத்த துணிமூட்டை. நம் பக்கத்தில் வேட்டைத் தடுப்புக் காவலர்களின் கால்களைக் கவனியுங்கள். தினமும் காட்டில் நடக்கிற அவர்கள் போட்டிருப்பது பெரும்பாலும் கான்வாஸ் ஜங்கிள் ஷூதான். வெள்ளியங்கிரியில் ஏழு மலையையும் வெறுங்காலில் ஏறி இறங்குகிறவர்கள் எத்தனையோ பேர். அதைப் பார்த்து, வருஷம் முழுக்க ஷூவுக்குள் ஊறிய காலோடு நாமும் வெறுங்காலில் கிளம்பிவிடக் கூடாது, அது வேறு.

நீர்புகா ஷூவைப் பற்றி அடிக்கடி கேட்கிறார்கள். ஓடையில் கால் வைத்தால், அல்லது கால் வழியே மழை இறங்கினால், மேல்வாய் வழியாகத் தண்ணீர் உள்ளே போகும். போனது வெளியே வராது. வராமல் தடுக்கத்தானே அந்தப் படலம்! வலைத்துணி ஷூ முதல் ஓடையிலேயே நனையும், அடுத்த பத்து நிமிட நடையில் பிழிந்து வெளியே தள்ளிவிடும். எது தேவை என்று நீங்களே முடிவு செய்யுங்கள்.

அடிப்பாகத்தைத் திருப்பிப் பார்க்காமல் ஷூ வாங்கவே கூடாது. பலவற்றில் மஞ்சள் எண்கோணத்தில் வைப்ரம் என்று இருக்கும். 1935-ல் இத்தாலிய ஆல்ப்ஸில் விட்டாலே பிரமானியின் நண்பர்கள் ஆறு பேர் புயலில் மாட்டி இறந்தார்கள். அந்தக் காலத்து ஆணி அடித்த தோல் பூட்ஸ் பனியில் குளிரைக் காலுக்குள் கடத்தும். இரண்டு வருஷத்தில் அவர் பிரெல்லி டயர் நிறுவனத்தின் ஆதரவோடு ஆழமான பள்ளங்கள் வெட்டிய ரப்பர் அடியைக் கொண்டுவந்தார். அவர் பெயரின் சுருக்கம்தான் வைப்ரம். மண்ணுக்கும் சேற்றுக்கும் பள்ளம் ஆழமாக, இடைவெளி அகலமாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் சேறு அடைத்து வழுக்கும். பாறைக்குப் பள்ளத்தைவிட ரப்பரின் மென்மை முக்கியம். நகத்தால் அழுத்தினால் கொஞ்சமாவது அமுங்க வேண்டும். பாசி படிந்த ஈரப்பாறையில் எந்த ரப்பரும் நிற்காது. அங்கே உட்கார்ந்து நகர்வதில் வெட்கமில்லை.

இறக்கத்துக்கு முன் ஒரு நிமிடம் நின்று நாடாவை மாற்றிக் கட்டுங்கள். ஷூவின் கடைசியில் யாரும் பயன்படுத்தாத ஒரு துளை இருக்கும். நாடாவை அதே பக்கத்துக் கடைசித் துளையில் வெளியிலிருந்து உள்ளே விட்டு, ஒரு சின்ன வளையம் ஆக்குங்கள். இரண்டு பக்கமும் அப்படியே. பிறகு வலது நாடாவை இடது வளையத்திலும் இடது நாடாவை வலது வளையத்திலும் கோத்து, மேல்நோக்கி இல்லாமல் பின்நோக்கி இழுத்து முடிச்சுப் போடுங்கள். குதிகால் பின்சுவரோடு ஒட்டிவிடும், விரல் முன்னால் இடிக்காது. காசு செலவில்லாத வைத்தியம்.

கொப்புளத்துக்கு இன்னொன்று. மருந்துக்கடைப் பேப்பர் டேப். உராயும் இடம் உங்களுக்கே தெரியும், கிளம்புவதற்கு முன்பே அங்கே ஒட்டிவிடுங்கள். ஸ்டான்ஃபோர்டு மருத்துவர்கள் நெடுந்தூர ஓட்டக்காரர்களிடம் சோதித்து 2016-ல் வெளியிட்ட ஆய்வில் கொப்புளங்கள் 40 சதவீதம் குறைந்தன. வெள்ளியங்கிரி அடிவாரத்தில் விற்கும் மூங்கில் தடியையும் சேர்த்துக்கொள்ளுங்கள், முழங்கால் உள்ளவரை அது வேண்டும்.

பைக்கு வருகிறேன். ஒருநாள் நடைக்கு 20 முதல் 30 லிட்டர். ஒரு ராத்திரி தங்கினால் 40, 45. அறுபது லிட்டர் வாங்கினால் அறுபது லிட்டருக்கும் ஏதாவது திணிப்பீர்கள், அது மனித சுபாவம். கல்லூரிப் பையை வைத்தே ஒருநாள் சமாளிக்கலாம். ராத்திரி தங்கும் நடைக்கு மட்டும் இடுப்புப் பட்டை உள்ள பை அவசியம். 1950-களின் தொடக்கத்தில் டிக் கெல்டி கலிபோர்னியாவில் அலுமினியச் சட்டமும் இடுப்புப் பட்டையும் வைத்துப் பைகள் விற்கத் தொடங்கிய பிறகுதான் சுமை தோளிலிருந்து இடுப்புக்கு இறங்கியது. பட்டை சரியாக அமர்ந்தால் எடையில் முக்கால் பங்கை இடுப்பெலும்பே தாங்கும். நம்மூர்ப் பெண்கள் ஒக்கலில் குடம் வைக்கிற அதே எலும்பு.

பை வாங்கும்போது எல்லோரும் லிட்டரைப் பார்க்கிறார்கள். பார்க்க வேண்டியது முதுகு நீளம். தலையைக் குனிந்து பின்கழுத்தைத் தடவினால் துருத்திக்கொண்டு ஓர் எலும்பு தட்டுப்படும். இரண்டு கைகளையும் இடுப்பெலும்பின் மேல்விளிம்பில் வைத்தால் கட்டைவிரல்கள் முதுகில் எங்கே சந்திக்கின்றனவோ அது இன்னொரு புள்ளி. இரண்டுக்கும் நடுவே உள்ள தூரத்தை இன்னொருவரை விட்டு டேப்பில் அளக்கச் சொல்லுங்கள். உயரமானவருக்கு முதுகும் நீளம் என்று சொல்ல முடியாது, சிலருக்குக் கால்தான் நீளம். பெண்களுக்கென்று வரும் பைகளில் முதுகு குட்டையாகவும், தோள்பட்டைகள் நெருங்கியும், இடுப்புப் பட்டை சாய்ந்தும் இருக்கும். நிறத்துக்காகச் செய்தது இல்லை அது. ஒல்லியான ஆண்களுக்கும் பல சமயம் அதுவே பொருந்தும், கூச்சப்படாமல் மாட்டிப் பாருங்கள். கடையில் காலிப் பையை மாட்டிக் கண்ணாடி பார்ப்பதில் அர்த்தமில்லை. ஏழெட்டுக் கிலோ வைக்கச் சொல்லி, முதலில் இடுப்புப் பட்டையைத் தொப்பைக்கு மேலே அல்ல, எலும்பின் மேலே இறுக்கி, அப்புறம்தான் தோள்பட்டையை இழுக்க வேண்டும்.

அடுக்குவதில் ஒரே சூத்திரம். கனமானது முதுகை ஒட்டி, தோள்பட்டை எலும்புகளுக்கு நடுவே. தண்ணீரும் அரிசியும் வெளிப்பையில் தொங்கினால் பை உங்களைப் பின்னால் இழுத்துக்கொண்டே வரும். பையோடு வரும் மழை உறையை நம்பாதீர்கள். மழை முதுகுக்கும் பைக்கும் நடுவே வழிந்து உள்ளே போகும். உரமூட்டைக்குள் இருக்கும் பாலித்தீன் உறையை நன்றாகக் கழுவிக் காயவைத்தோ, தடித்த குப்பைப் பையையோ உள்ளே விரித்து, எல்லாவற்றையும் அதற்குள் வைத்து வாயைச் சுருட்டிவிடுங்கள். பை நனையட்டும், உள்ளே இருக்கும் மாற்றுச் சட்டையும் சாக்ஸும் நனையக் கூடாது. ராத்திரிக்கான அந்த ஒரு ஜோடியை எவ்வளவு குளிரடித்தாலும் நடக்கும்போது தொடாதீர்கள்.

காட்டுக்குள் போகிறவர்களுக்குச் சில சில்லறை விஷயங்கள். தமிழ்நாட்டு வனத்துறை 2024 அக்டோபரிலிருந்து 40 பாதைகளை இணையத்தில் முன்பதிவுக்குத் திறந்திருக்கிறது. கோடையில் காட்டுத்தீக் காலத்தில் மூடிவிடுவார்கள், பார்த்துக்கொண்டு திட்டமிடுங்கள். மண், பச்சை, சாம்பல் நிறத் துணிகள் போதும். சென்ட் அடித்துக்கொண்டு வராதீர்கள், யானைக்கு மூக்கு நம்மைவிடப் பல மடங்கு கூர்மை, மலைத்தேனீக்கும் வாசனை ஆகாது. முகாமில் அடுப்புப் பக்கம் உட்காரும்போது பாலியெஸ்டர் கையை எட்ட வையுங்கள். பருத்தி கருகும், இது உருகித் தோலில் ஒட்டும். இந்த ஓர் இடத்தில் மட்டும் பருத்தி ஜெயிக்கிறது.

திரும்பி வந்த பிறகு செய்ய வேண்டியதையும் எழுதிவிடுகிறேன். பையின் தோள்பட்டையில் வியர்வை உப்பு வெள்ளையாகப் பூத்திருக்கும். வெறும் தண்ணீரில் அலசி நிழலில் தொங்கவிடுங்கள். ஷூவுக்குள் நாளிதழைச் சுருட்டித் திணித்து, சில மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். மொட்டை மாடி வெயிலில் காயவைத்தால் பசை விட்டுவிடும்.

முக்கியமான ஒன்று, பல பூட்ஸ்களின் நடு அடுக்கு பாலியூரித்தேன். காற்றில் இருக்கும் ஈரமே அதைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சிதைக்கும், போடாமல் வைத்திருந்தாலும் சிதைக்கும். சென்னை மாதிரி கடலோர ஊரில் அட்டைப்பெட்டிக்குள் வைத்துப் பூட்டினால் இன்னும் சீக்கிரம். எங்களோடு வந்த ஒருவர், வெளிநாட்டில் வாங்கி ஆறேழு வருஷம் பொத்திப் பொத்தி வைத்திருந்த பூட்ஸைப் போட்டுக்கொண்டு வந்தார். பார்க்கப் புதுசு. இறக்கத்தில் பாதி தூரம் வந்ததும் ஒரு அடிப்பாகம் அப்படியே கழன்று பாதையில் கிடந்தது, உள்ளே கைவைத்தால் ரொட்டித்தூள் மாதிரி உதிர்ந்தது. கொஞ்ச நேரத்தில் இன்னொன்றும் போனது. நைலான் கயிற்றால் குறுக்கும் நெடுக்கும் கட்டித்தான் அவரை இறக்கினோம். பீரோவில் பழைய பூட்ஸ் வைத்திருப்பவர்கள் கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பே எடுத்து, அடிப்பாகத்தின் பக்கவாட்டைக் கட்டைவிரலால் பலமாக அழுத்திப் பாருங்கள். வெடிப்பு தெரிந்தாலோ, தூள் உதிர்ந்தாலோ, செருப்புத் தைப்பவரிடம் கொடுத்துப் புது அடி போட முடியுமா என்று கேளுங்கள். தெரியாவிட்டாலும் ஒரு வாரம் அதைப் போட்டுக்கொண்டே கடைக்கும் அலுவலகத்துக்கும் போய் வாருங்கள். விட வேண்டியது பஸ் ஸ்டாண்டிலேயே விட்டுவிடட்டும்.